செஞ்சிக்கு முன்னால் பனைமலை

விழுப்புரம் சந்திப்பு பலருக்கு ரயில் மாறும் இடம்தான். சுற்றிப் பார்க்க இறங்குகிறவர்களும் நேரே செஞ்சிக் கோட்டைக்கு ஓடுகிறார்கள். அங்குள்ள ராஜகிரிக் குன்றை ஏறி இறங்கவே பகல் தீர்ந்துவிடும். கையில் ஒருநாள்தான் என்றால், முதல் தடவை செஞ்சியை விட்டுவிடுங்கள். விழுப்புரத்திலிருந்து செஞ்சிச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் மண்டகப்பட்டு, அருகில் தளவானூர், பிறகு பனைமலை. ஒரு காரைப் பேசிக்கொண்டால் பல்லவர்களின் நூறாண்டைப் பார்த்துவிடலாம்.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்கிறது மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு. அவன் குடைவரைகளில் இதையே மூத்ததாகக் கருதினார் தொல்லியல் அறிஞர் கே.ஆர். சீனிவாசன். எனக்கு அது ஒப்பவில்லை. எதெல்லாம் இல்லை என்று பட்டியலிடுகிறவன், இதுதான் முதல் என்று எங்கே சொன்னான்? தமிழகத்துக்கே முதல் குடைவரை என்பது இன்னும் பலவீனமான பேச்சு. பிள்ளையார்பட்டிக் குடைவரையை அதற்கு முன்னே வைப்பவர்கள் உண்டு. தளவானூரில் முகப்பின் மகர தோரணத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பனைமலைக் குன்றின்மேல் பிற்காலப் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதன் பக்கச் சன்னிதி ஒன்றின் சுவரில் ஓவியமாக இருக்கிறாள் உமை. தலைக்குமேல் குடை. உயர்ந்த மகுடம். ஒரு காலை மடித்துப் பின்னால் ஊன்றி, தலை சாய்த்து, சிவன் ஆடுவதைப் பார்க்கிறாள். தெய்வம் நிற்கிற நிலையே இல்லை இது. தெருக்கூத்து பார்க்க வந்து தூணில் சாய்ந்துகொண்ட பெண்ணின் நிலை. ஆடுகிறவரோ கிட்டத்தட்ட அழிந்துபோனார், சில கோடுகள்தான் மிச்சம்.

மகேந்திரன் வேண்டாமென்ற சுண்ணாம்பின்மேல்தான் இந்த அழகு தீட்டப்பட்டது. மண்டகப்பட்டின் பாறைக் கருவறைகள் மூன்றும் இன்று வெறுமையாகக் கிடக்க, உதிரும் பூச்சு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஒரு முகத்தைக் காத்திருக்கிறது. இனியும் காக்குமா என்றால் கோபம்தான் வருகிறது. திருப்பணி என்றாலே நம் ஊர்களில் வெள்ளையடிப்பதும் மணல் வீச்சால் கல்லைச் சுரண்டுவதுமாகத்தான் இருந்தது. எத்தனை ஓவியங்கள் அதில் போயின! மிஞ்சியதன்மேல் காதலியின் பெயரைக் கீறுகிற வீரர்கள் வேறு.

பனைமலைக்குப் போனால் சுவரில் கைவைக்காதீர்கள், சாயாதீர்கள். செல்பேசியின் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். உடன் வந்தவர் பெயர் கீறச் சாவியை எடுத்தால் கையைப் பிடியுங்கள். உறவு கெட்டாலும் பரவாயில்லை.