கூதிர்காலத்து விருந்தினர்

மேலை நாட்டார் கூறும் இலையுதிர்காலம் நம் மலேசியத் திருநாட்டில் இல்லை. இரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர்ப்பதுகூட ஆண்டின் தொடக்க மாதங்களிலேதான்; அப்போது பாலும் குறையும், பால்வெட்டுவோர் வருவாயும் குறையும். ஆயினும் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் எனத் தனித்துப் பெயரிட்டனரே நம் முன்னோர், அந்தக் கூதிர் பாசிர் பெனம்பாங் கரைக்கு வராமலில்லை. மரத்தில் அதன் அடையாளம் தெரியாது. வானத்தில் தெரியும்.

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், கோல சிலாங்கூர் நகருக்கு எதிர்க்கரையில் அமைந்த மீனவர் ஊர் பாசிர் பெனம்பாங். அந்தப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் இடையே மண்ணால் எழுப்பிய அணைக்கரை உண்டு; அப்பால் கண்டல் மரங்கள்; அவற்றையும் தாண்டினால் சேற்றுவெளி. மாலை வேளைகளில் என் இரு நாய்களுடன் அக்கரையில் நடப்பது வழக்கம். மணி கிழவன், கறுப்பன் இளையவன்.

நான் கண்ணால் காணுமுன்பே அவை மூக்கால் கண்டுவிடும். ஒருநாள் கறுப்பன் புல்லில் ஓரிடத்தை விட்டு நகர மறுத்தான். குனிந்து பார்த்தேன், மீன் செதிலும் நண்டோடும் கலந்த எச்சம். சிறிது நேரத்தில் வடிகாலிலிருந்து சீழ்க்கை போன்றதோர் ஒலி எழுந்தது. ஐந்து தலைகள் நீருக்குமேல் நிமிர்ந்தன. நீர்நாய்க் குடும்பம்! மருதத்திணைப் பாடல்களில் வாளைமீனை இரையாகக் கொள்ளும் நீர்நாய்க்கு வகுப்பில் எத்தனையோ முறை பொருள் கூறியிருக்கிறேன். அன்றுதான் அச்சொல்லுக்கு மீசை முளைத்தது. அவை அஞ்சி ஓடவில்லை. குட்டிகளைப் பின்னால் ஒதுக்கிவிட்டுப் பெரியவை கழுத்தை உயர்த்திச் சீறின. என் நாய்கள் இரண்டும் வால் தாழ்த்தி என் காலருகே ஒண்டின. பெயரில்தான் உறவு, நீர்நாய் நாயினத்தைச் சேர்ந்ததே அன்று.

எதிர்க்கரைப் புக்கிட் மெலாவாத்திக் குன்றின் லோத்தோங் குரங்குகளையும் சொல்லலாம். சாம்பல் நிறத் தாயின் மார்பில் செம்பொன் நிறக் குட்டி! ஆனால் அவை ஆண்டு முழுவதும் இருப்பவை. நான் சொல்ல வந்தது விருந்தினரைப் பற்றி.

சைபீரியா முதலிய வடநிலங்களில் குஞ்சு பொரித்த உள்ளான்களும் பவளக்காலிகளும் கோட்டான்களும் (ஆந்தையைக் குறிக்கும் கோட்டான் வேறு, இது நீண்டு வளைந்த அலகுடைய கரைப்பறவை) குளிருக்கு முந்தித் தெற்கே புறப்படுகின்றன. சில நம் கரையிலேயே தங்கும். சில இளைப்பாறி அப்பால் செல்லும். 2022ஆம் ஆண்டில் பட்டைவால் மூக்கன் என்னும் பறவையின் இளங்குஞ்சொன்று அலாஸ்காவிலிருந்து எங்கும் இறங்காமல் 11 நாட்களில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது. அதன் வழி பசிபிக் பெருங்கடல், நம் கரையன்று. எனினும் நம் சேற்றில் இறங்குவனவும் உடலில் சேர்த்த கொழுப்பை எரித்தே வந்து சேர்பவை. அலை வற்றியிருக்கும் சில மணி நேரமே அவற்றின் உணவு வேளை. நீர் ஏறினால் ஓரிடத்தில் கூடி ஓய்வெடுக்கும். அப்போது ஒரு நாய் பாய்ந்தால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். நாய்க்கு அது விளையாட்டு. பறவைக்கோ, தின்றதெல்லாம் செலவு.

ஆகவே புரட்டாசி பிறந்ததும் என் நாய்களின் கழுத்தில் கயிறு ஏறும். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த அண்டை வீட்டுப் பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. "ஏன் வாத்தியாரே, கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுப் போறதுக்கு அது நாயா, ஆடா?" என்றார். அவர் காலத்து நாய் காட்டுப்பன்றியை விரட்டியது, பாம்பைக் காட்டியது, விடியுமுன் பால்மரக் காட்டுக்குத் துணை வந்தது. அவர் சொல்வதில் நியாயமுண்டு. நீர்நாயை எனக்குக் காட்டியதும் அவிழ்த்துவிட்ட மூக்குத்தானே? ஆனால் அது காடு விரிந்திருந்த காலத்து நியாயம். விரட்டப்பட்ட உயிர் ஒதுங்க அன்று வேறிடம் இருந்தது. இன்று ஒருபுறம் செம்பனை, மறுபுறம் அலை. நடுவிலுள்ள சேறே அப்பறவைகளுக்கு மிச்சம்.

"பங்குனி வரைக்குந்தான் ஐயா" என்றேன். அவர் தலையசைக்கவில்லை. மறுநாள் மாலை நீளமான கயிறொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுன்னா கொஞ்சமாவது மோந்து பாக்கும்."

அந்தக் கயிற்றில்தான் இப்போது கறுப்பன் நடக்கிறான். கோட்டானின் குரல் கேட்டதும் முன்காலொன்றைத் தூக்கியபடி அசையாது நிற்பான். அது சேற்றில் அலகை முழுவதும் செருகி நண்டொன்றை வெளியே இழுக்கும். மணி அதற்குள் புல்லில் படுத்துவிட்டிருப்பான்.