சம்பளம் என்று சொன்னேன்

முனைவர் பட்டத்துக்கு இடம் தேடுகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் எத்தன வருசத்துக்குப் பீசு கட்டணும்?" ஜாக்கெட் தைத்தே என்னை எம்.ஏ. வரை கொண்டுவந்தவர் கேட்கிறார். பதில் இல்லை. இலுப்பூரில் எங்கள் தெருவில் எம்.ஏ. முடித்த பெண்கள் நாலு பேர். ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் மாதாமாதம் பணம் தரும் என்பது நாலு பேருக்கும் தெரியாது.

சொன்னது திருச்சி பஸ்ஸில் பழக்கமான ஓர் அக்கா. தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர். "நெட் எழுது. ஜேஆர்எஃப் வாங்கிட்டு அப்பறம் நெறியாளரப் போய்ப் பாரு. வெறுங்கையோட போகாத புள்ள." ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 35 வரை. அக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது வயது 36.

நெட் ஆண்டுக்கு இருமுறை. இரண்டாம் முயற்சியில் கிடைத்தது. 2019இல் மாதம் 31,000 ரூபாய், 2023இலிருந்து 37,000. முதல் இரண்டு ஆண்டுக்கு இது, அடுத்த மூன்று ஆண்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

வீட்டில் 'உதவித்தொகை' என்றேன். "விதவைக்குக் குடுப்பாங்களே, அது மாதிரியா?" என்றார் பெரியம்மா. மறுநாளிலிருந்து 'சம்பளம்' என்று சொல்ல ஆரம்பித்தேன். மாமா கொண்டுவரும் ஜாதகங்கள் நின்றன. நிம்மதி இரண்டு மாதம்தான். "பொண்ணுக்கு முப்பத்தோராயிரமாமே" என்று புதிதாக இரண்டு ஜாதகங்கள் வந்தன.

பணம் கையில் இருந்தாலும் நெறியாளர் வேண்டும். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேரைத்தான் சேர்க்கலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. காலியிடம் உண்டா என்று கேட்டுக் கேட்டு அலைந்தேன். ஓரிடத்தில் என்னுடன் வந்த பையனிடம் தலைப்பைக் கேட்டார்கள். என்னிடம் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். தலைப்பை நானாகச் சொல்லிவிட்டு வந்தேன். இடம் கிடைத்தது வேறோர் ஊரில். சேர்ந்தபின் முதல் தொகை கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை விடுதிக்குக் கட்டியது அம்மாவின் கம்மல், அடகுக் கடை வழியாக.

சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே பெயரிலும் ஓர் ஆய்வு நல்கை இருக்கிறது. உடன்பிறந்தார் இல்லாத ஒற்றை மகளுக்கானது. ஆண் பிள்ளை வேண்டும் என்று காத்திருந்த வீட்டில் பிறந்த மூன்றாவது மகள் நான். பெண்களுக்கான படிவத்தை வாசித்து, நான் கூடுதலாகப் பிறந்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது ஊர்ப் பெண்கள் விசாரிக்க வருகிறார்கள். தலைப்பைக் கேட்பதற்கு முன் பிறந்த தேதியைக் கேட்கிறேன். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவி என்றால், முழுநேர ஆய்வுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் தருவதைச் சொல்கிறேன். புராஜெக்ட் வேலை என்றால் பணம் யார் பெயரில் வருகிறது, புராஜெக்ட் என்றைக்கு முடிகிறது என்று கேட்கச் சொல்கிறேன். அது முடிந்தால் சம்பளமும் முடிந்துவிடும், ஆய்வு பாதியில் நிற்கும். கல்யாணமானவர்களிடம் 2022 விதிகளின்படி பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு என்கிறேன். பெரும்பாலோர் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

போன மாதம் அக்காவை அதே பஸ்ஸில் பார்த்தேன். மடியில் ஒரு கட்டு விடைத்தாள். ஆய்வேடு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்து, இருக்கை காலியானதும் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கட்டை வாங்கிக் கூட்டல் போட்டுக் கொடுத்தேன்.