பென்சிலில் எழுதிய விலை

பெங்களூரு சர்ச் தெருவுக்குப் புத்தகம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மாலையில் போவார்கள். அந்தத் தொழிலைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை நாள் ஒன்றில், கடை திறந்த கையோடு போக வேண்டும். பழைய புத்தகங்களை விற்க வருகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். புத்தகக் கடையின் பிழைப்பு எங்கே நடக்கிறது என்று எனக்கு விளங்கியது, வாங்குகிற அந்த மேசையின் பக்கத்தில் நின்றபோதுதான்.

எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி ஒரு தெரு உள்ளே நடந்தால் சர்ச் தெரு. பிரிகேட் ரோட்டுக்கும் செயின்ட் மார்க்ஸ் ரோட்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட வராது. அதற்குள் பிளாஸம், புக்வார்ம் என்று வரிசையாகக் கடைகள். பிரிகேட் ரோட்டை ஒட்டிய சந்தில், 1945-இல் தொடங்கிய செலக்ட் புக் ஷாப். எம்.ஜி. ரோட்டில் 1905-இலிருந்து ஹிக்கின்பாதம்ஸ். நடந்து களைத்தால் உட்கார, 2009-இல் எம்.ஜி. ரோட்டிலிருந்து இங்கே குடிவந்த இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. 1985-இல் எரிந்துபோன, பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட்டை நினைத்து இன்னும் பெருமூச்சு விடும் சென்னைக்காரர்களுக்கு இந்தத் தெருவைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை வரும். எனக்கு வந்தது.

நான் நின்ற கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மேசையில் இருந்தவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். முதலாளியிடம் கன்னடம், வாடிக்கையாளரிடம் ஆங்கிலமும் இந்தியும், என்னிடம் தமிழ். "பத்தாவதோட நின்னுட்டேன் சார். இங்க வந்துதான் இங்கிலீஷ் படிச்சேன், அதுவும் முதுகுல" என்றார். முதுகு என்று அவர் சொன்னது புத்தகத்தின் முதுகை. அடுக்கும்போது தலைப்பும் ஆசிரியர் பெயரும் தெரிகிற பக்கம் அதுதானே.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஆட்டோவில் இரண்டு அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய அப்பாவின் புத்தகங்கள். வீட்டைக் காலி செய்கிறார்களாம். மேசைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் மேலட்டையைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தைக் குப்புறப் பிடித்து லேசாக உதறினார். தைத்தது பிரிந்திருந்தால் தாள் நழுவும். பிறகு நடுவில் திறந்து, தையல் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். ராமபாணப் பூச்சி அரித்திருந்தால் அங்கே ஓட்டை கையில் தட்டுப்படும். மூன்றாவதாக மூக்கு. பெங்களூரு மழையில் ஒருமுறை நனைந்து காய்ந்த புத்தகத்துக்கு ஒரு வாடை உண்டு. அதை உள்ளே விட்டால் பக்கத்தில் இருப்பதற்கும் பூஞ்சை ஏறும். கடைசியில்தான் தலைப்பு. ஒரு புத்தகத்துக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

ஒரு நாவலை மட்டும் தனியாக வைத்தார். அசலைவிடத் தாள் மெலிது, அட்டையில் ஆசிரியர் பெயரின் விளிம்பு மங்கியிருந்தது, உள்ளே வரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. திருட்டு அச்சு. சிக்னலில் விற்பார்களே, அந்த ரகம். "இது வேணாம் மேடம், வீட்டுலயே வெச்சுக்கங்க" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

இரண்டு அடுக்குகள் ஆயின. பொறியியல் பாடநூல்கள், கலைக்களஞ்சியத் தொகுதிகள், 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' சுருக்க நாவல்கள் எல்லாம் வேண்டாத அடுக்கில். தோல் பைண்டிங்கில் மினுமினுக்கும் கலைக்களஞ்சியத்தை ஒதுக்கியபோது அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்பா மாசத் தவணையில வாங்கினது இது" என்றார். பிரிட்டானிகாவே அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக 2012-இல் அறிவித்துவிட்டது. கடைக்காரர் என்ன செய்வார்? எடுத்த அடுக்கில் இருந்தவை பழைய பெங்குவின் பதிப்புகள், பெங்களூரு வரலாறு பற்றிய ஒன்று, சமையல் நூல்கள், கிரிக்கெட் சுயசரிதைகள். தொகை பேசி முடிந்தது. அவர் கேட்டதற்குக் கொஞ்சம் கம்மி, மேசைக்காரர் நினைத்ததற்குக் கொஞ்சம் கூடுதல் என்று இருவர் முகத்திலும் தெரிந்தது.

அந்த அம்மா போனதும் பென்சிலை எடுத்தார். முதல் தாளின் மேல் மூலையில் சின்னதாக ஒரு விலை. ஏன் பென்சில் என்று கேட்டேன். ஸ்டிக்கர் ஒட்டினால் பிய்க்கும்போது தாள் கிழியும். பேனாவால் எழுதினால் விலையை மாற்ற முடியாது. மூன்று மாதம் போகாத புத்தகத்துக்கு ரப்பர் வைத்து அழித்து விலையைக் குறைப்பார்கள். விலை போடும்போது பின்னட்டையில் அச்சிட்டிருப்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "இது எவ்வளவு நாள் அலமாரியில உக்காரும்னு பாப்பேன் சார். அதான் கணக்கு."

அலமாரிக்கும் வாடகை உண்டு. இதைப் புரிந்துகொள்ள ஒரு புதுப் புத்தகத்தின் கணக்கைப் பார்க்கலாம். 500 ரூபாய்ப் புத்தகத்துக்கு விநியோகஸ்தர் 35 சதவீதம் கழிவு தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 175 ரூபாய். இணையத்தில் அதே புத்தகம் 30 சதவீதத் தள்ளுபடியில் 350 ரூபாய்க்குக் கிடைக்கும். வாடிக்கையாளர் செல்போனை நீட்டிக் காட்டுகிறார். கடைக்காரர் பத்து சதவீதம் விட்டுக்கொடுத்தால் கையில் நிற்பது 125. அதில் வாடகை, சம்பளம், மின்சாரம், விற்காததைத் திருப்பி அனுப்பும் லாரிக்கூலி எல்லாம் அடங்க வேண்டும். இன்னொரு வம்பும் உண்டு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடை வாடகைக்கு 18 சதவீதம் வரி உண்டு. வரியில்லாப் பொருளை விற்கிறவர் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. துணிக்கடைக்காரருக்குத் திரும்பி வருகிற பணம் புத்தகக் கடைக்காரருக்கு வராது.

பழைய புத்தகத்தில் இந்தச் செல்போன் ஒப்பீட்டுத் தொல்லை குறைவு. நூறு ரூபாய்க்கு எடுத்து இருநூற்றைம்பதுக்கு விற்றால், யாரும் செல்போனை நீட்டி ஒப்பிட முடியாது. அதே பதிப்பு, அதே நிலையில் இணையத்தில் இருந்தால்தானே! ஆனால் எதை எடுப்பது என்ற கண் வேண்டும். அந்தக் கண் நடைபாதையில் பழகி வருவது. பிளாஸத்தின் மாயி கவுடா பொறியியல் படித்தவர். கடை போடுமுன் எம்.ஜி. ரோட்டுப் பக்கம் நடைபாதையில் புத்தகம் விற்றவர். புக்வார்மின் கிருஷ்ண கவுடாவும் நடைபாதையிலிருந்து வந்தவர்தான். இருவருமே புதிதையும் பழையதையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள்.

இந்த இடத்தில் பிரீமியர் புக் ஷாப்பைச் சொல்லாமல் போக முடியாது. 1971-இல் தொடங்கியது. அதன் உரிமையாளர் டி.எஸ். ஷான்பாக், மும்பை ஸ்ட்ராண்ட் புக் ஸ்டால் நிறுவனரின் உறவினர். தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கும். எது எந்த அடுக்கின் எத்தனையாவது என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருக்கும். 2009-இல் கடை மூடியது. 2021 மே மாதம் கோவிட்டில் அவர் இறந்தபோது நகரமே எழுதித் தீர்த்தது. அவருடைய நினைவாற்றலைப் புகழாதவர் இல்லை. எனக்கோ, புகழ்ந்தவர்களில் கடைசி ஐந்து வருடம் அங்கே புத்தகம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றியது. அவர் விற்றது பெரும்பாலும் புதுப் புத்தகம். இடம் வாடகை இடம். நினைவாற்றலை வைத்து வாடகை கட்ட முடியாது.

இந்தத் தள்ளுபடிப் போட்டியைத் தடுக்கப் பிரான்சில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. புதுப் புத்தகத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக்கூடாது. ஜெர்மனியிலும் விலை ஒன்றே. பிரிட்டனில் 1900 முதல் இருந்த இதுபோன்ற ஒப்பந்தம் 1990-களில் உடைந்தது. நம் நாட்டில் அதிகபட்ச விலைக்குத்தான் வரம்பு, குறைந்தபட்சத்துக்கு இல்லை. தள்ளுபடிக்கு வரம்பு கட்டுவது நமக்கு ஒத்துவராத வெளிநாட்டு யோசனை என்று சொல்லவும் முடியாது. சென்னைப் புத்தகக் காட்சியில் எந்த அரங்குக்குப் போனாலும் பத்து சதவீதம்தானே? பெரிய பதிப்பகமும் சின்னப் பதிப்பகமும் அங்கே சமமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடையில் வேலை செய்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நாள் முழுக்க நின்றபடி வேலை. உட்காருவது சாப்பாட்டு நேரத்தில். தூசியால் மூக்கடைப்பு நிரந்தரம். சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது, கூட்டம் வருவதே அன்றைக்குத்தான். வாடிக்கையாளர் கலைத்துப்போட்டதை மறுபடி அகரவரிசையில் வைப்பது தினசரி இரவு வேலை. "நீல அட்டை, போன வருஷம் இந்த மூலையில பாத்தேன்" என்று ஒருவர் கேட்க, மேசைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு மாடிக்குப் போய் எடுத்து வந்தார். நிறம் பச்சை, புத்தகம் அதுதான்.

தமிழ்ப் புத்தகம் உண்டா என்று கேட்டேன். கீழ் அலமாரியில் ஒரு முழம் நீளத்துக்கு இருந்தது. பாதிக்குமேல் சமையலும் ஜோதிடமும். தமிழர்கள் இத்தனை பேர் வாழும் ஊரில் இது போதாது. அல்சூர் ஏரிக்கரைப் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு. 2022 டிசம்பரில் அங்கே தமிழ்ப் புத்தகத் திருவிழாவும் தொடங்கியது. ஆனால் திருவிழா முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். "வந்தா எடுப்போம் சார், யாரும் கொண்டுவர மாட்டேங்கறாங்க" என்றார் மேசைக்காரர்.

ஆகவே பெங்களூருத் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு மாற்றும்போது அப்பா, தாத்தா சேர்த்த தமிழ்ப் புத்தகங்களைக் கிலோக் கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு செவ்வாய் அல்லது புதன் காலை சர்ச் தெருவுக்கு எடுத்துப்போங்கள். போகுமுன் கடைக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். கலைக்களஞ்சியத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கிடைக்கிற பணத்தில் பாதிக்காவது அங்கேயே ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்புங்கள், செல்போனில் விலை பார்க்காமல்.