அம்மாவுக்கு ஒரு டெலிபோன்

ஆளுக்கொரு கைப்பேசி வந்துவிட்ட இந்தக் காலத்தில், கம்பி வைத்த டெலிபோனை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? எங்கள் பள்ளியில் உடன் வேலை செய்யும் ஆசிரியைகள் சிரித்தார்கள். "டீச்சர், அதைப் பொருட்காட்சி சாலையிலல்லவா தேட வேண்டும்!" என்றார் ஒருவர். சிரிக்கட்டும். வயதான தாயோ தகப்பனோ பகல் முழுதும் வீட்டில் தனித்திருக்கும் குடும்பங்கள், தோட்டத்திலும் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்குப் பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் தாயார் 38 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு உளி பிடித்த கை அது. விரல் நுனியெல்லாம் காய்த்துத் தடித்துவிட்டது. கைப்பேசியின் கண்ணாடித் திரை, விரல் படும்போது ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. காய்ந்து தடித்த தோலை அது பல வேளைகளில் உணர்வதே இல்லை. தம்பி வாங்கிக் கொடுத்த கைப்பேசியை அம்மா நாலு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "நான் தொட்டா இதுக்கு ஒறைக்கவே மாட்டேங்குது பாப்பா" என்று அலமாரியில் வைத்துவிட்டார். அது இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் கம்பியில்லாத டெலிபோன் ஒன்று இருந்தது. இண்டர்நெட் எடுத்தபோது வீட்டு எண்ணும் சேர்ந்து வந்ததால் வாங்கியது. அதன் கைக்கருவி ஒரு நாள் சாமி மேடையில் இருக்கும். ஒரு நாள் துவைக்கும் மிஷின் மேல் இருக்கும். மணி அடிக்கும்போது தேடிக் கண்டுபிடித்தால் பேட்டரி செத்திருக்கும். எண் காட்டும் திரை அதில் உண்டு என்றுதான் பெயர், எழுத்துகள் எள்ளளவு.

2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம், நான் பள்ளியிலும் என் கணவர் ஆலையிலும் இருந்த நேரத்தில் அந்த டெலிபோன் அடித்திருக்கிறது. முதலில் மலாயில் ஒரு பெண். பிறகு, இன்ஸ்பெக்டர் என்று சொல்லிக்கொண்ட ஓர் ஆண். அம்மாவின் பெயரில் எங்கோ வழக்கு இருக்கிறதாம்; வாரண்டு தயாராம்; சேமநிதிப் பணம் எந்த வங்கியில் இருக்கிறதென்று சொன்னால் பத்திரமாக மாற்றி வைப்பார்களாம். பிள்ளைகளிடம் சொன்னால் பிள்ளைகளுக்கும் வில்லங்கமாம். வங்கிப் புத்தகத்தை எடுத்து வையுங்கள், மறுபடியும் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் அம்மா வாய் திறக்கவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை. இரண்டாம் நாள் இரவு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்: "பாப்பா, கோர்ட்டுல தமிழ்ல பேசவிடுவாங்களா?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. மெல்ல மெல்ல எல்லாவற்றையும் கேட்டறிந்தேன். தெய்வாதீனமாகப் பணம் போகவில்லை. வங்கிப் புத்தகம் அரிசி டின்னுக்குள் போன இடத்தில் அப்படியே இருந்தது. ஆனால், பிறர் காசுக்கு ஆசைப்படாமல் வாழ்ந்த ஒரு கிழவியை இரண்டு இரவு தூங்கவிடாமல் செய்தார்களே, அதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. நம் நாட்டில் இதற்கு 'மக்காவ் ஸ்கேம்' என்று பெயர். போலீஸ், நீதிமன்றம், சுங்க இலாகா, வருமான வரி என்று வேஷம் மாறும், பயமுறுத்தல் ஒன்றுதான்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி கேள்விப்பட்டதும் கொதித்துப்போய், "அந்த லைனையே வெட்டிப் போடுங்கக்கா" என்றான். அம்மா கேட்டார்: "அப்புறம் சுங்கை பட்டாணியில இருக்கிற உங்க சின்னம்மா என்கூட எதுல பேசுவா?" தம்பியிடம் அதற்குப் பதில் இல்லை. திருடன் வருவான் என்று வாசலையே சுவர் வைத்து அடைத்தால், உறவுக்காரர்கள் எந்த வழியாக வருவது? வந்திருப்பது யார் என்று பார்த்துத் திறக்கும்படி ஒரு ஜன்னல் வேண்டும். எண் காட்டும் டெலிபோன் வாங்குவதென்று அப்போதுதான் தீர்மானித்தோம்.

நிற்க. கடைக்குப் போகும்போது, அதைப் பயன்படுத்தப் போகிறவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். தெலுக் இந்தானில் ஒரு சீனர் கடை. தவுக்கே நல்ல மனிதர். ஏழெட்டுப் பெட்டிகளைப் பிரித்து வைத்தார். நான் பெட்டியின் மேலிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ ஒவ்வொரு ரிசீவரையும் எடுத்துக் காதில் வைத்து, பொத்தான்களைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அழகான ஒன்றை, "இது ரொம்ப லேசு, வச்சது தெரியாது" என்று தள்ளிவிட்டார். அது உண்மை. கனமில்லாத ரிசீவர் சரியாக உட்காராமல் போனால், நாள் முழுதும் லைன் 'பிஸி'யாகவே கிடக்கும். வெளியிலிருந்து கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும்.

திரையைக் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிலவற்றில் திரைக்குப் பின்னால் விளக்கே கிடையாது. வீட்டு மூலையில் வைத்தால் எண் தெரியாது. அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறது. ஆகவே எண்கள் விரல் அகலத்துக்குப் பெரிதாகவும், திரை சற்றுச் சாய்ந்தும் இருப்பதையே எடுத்தோம். காது மந்தமானவர்களுக்குக் குரலின் சத்தத்தைக் கூட்டும் பொத்தானும், மணிச் சத்தத்தைக் கூட்டும் பொத்தானும் தனித்தனியே இருக்க வேண்டும். ஒரே பொத்தானில் ஒருவரைக் கூப்பிடும் வசதி உள்ளதில், சில வகைகளில் பொத்தானின் மேலேயே படம் ஒட்டலாம். சின்னம்மா, தம்பி, நான், என் கணவர் என்று நாலு படம் ஒட்டியிருக்கிறோம். நூறு பெயர் பதியலாம், ஐம்பது மெட்டு ஒலிக்கும் என்பதெல்லாம் வீண். பெயர் பதிந்தாலும் நாங்கள் பார்த்த கருவிகளில் அது ரோமன் எழுத்தில்தான் வருகிறது; தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த என் தாயாருக்குத் தமிழும் எண்களும்தான் தெரியும். 100 வெள்ளிக்கு உள்ளாகவே வேலை முடிந்தது.

வாங்குமுன் இன்னும் ஒன்று. எண் காட்டும் வசதி டெலிபோனுக்குள் மட்டும் இருக்கிற சங்கதி அல்ல. கூப்பிடுகிறவரின் எண்ணை லைன் வழியாக அனுப்பி வைக்க வேண்டும். உங்கள் கணக்கில் அந்தச் சேவை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதை அனுப்புவதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று, பொத்தான் அமுக்கும்போது கேட்கிறதே, அதே இரட்டைத் தொனி. மற்றொன்று, பழைய மோடம் பேசிக்கொள்வது போன்ற வேகமான ஒலி. லைன் ஒரு முறையிலும் டெலிபோன் மற்ற முறையிலும் இருந்தால் திரை வெறுமனே இருக்கும். கருவி பழுது என்று நினைத்துத் தூக்கி எறிவோம். இரண்டையும் அறிந்துகொள்ளும் கருவியைக் கேட்டு வாங்குவது நல்லது. பல இடங்களில் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில்தான் வருகிறது. எனவே மணி அடித்தவுடன் ஓடிப்போய் எடுக்காமல், இரண்டாம் மணி வரை பொறுக்க வேண்டும். அம்மாவுக்கு இது பிடித்துப்போயிற்று. முட்டி வலிக்கிறவருக்கு நிதானமாக எழுந்து வர அவகாசம் கிடைக்கிறதல்லவா!

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கரண்டு போனாலும் கம்பி டெலிபோன் பேசும் என்று நம்மில் பலர் இன்னமும் நம்புகிறோம். செப்புக் கம்பி இருந்த வரை அது சரி. தொலைபேசி நிலையத்திலிருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பியில் வந்தது. இப்போது வீட்டுக்கு வருவது ஃபைபர் என்னும் கண்ணாடி இழை. அதில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. டெலிபோனை மோடம் பெட்டியின் பின்னால் 'டெல்' அல்லது 'போன்' என்று எழுதியிருக்கும் துளையில் செருகுகிறோம். வீட்டில் கரண்டு போனால் பெட்டி அணையும், டெலிபோனும் ஊமையாகும். அந்தப் பெட்டிகளுக்கென்று ஒரு சிறு யு.பி.எஸ். வாங்கி வைத்தேன். மழைக்காலத்தில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது.

அது மட்டுமல்ல, இடி மின்னலுக்குப் பெயர்போன நாடு நம்முடையது. இடி இடிக்கும்போது கம்பி டெலிபோனைக் காதில் வைக்கக் கூடாது. செப்புக் கம்பி உள்ள வீடுகளில் இது மிக மிக முக்கியம்.

கம்பியே எட்டிப்பார்க்காத லயத்து வீடுகளுக்கும் வழி இருக்கிறது. பார்வைக்கு மேசை டெலிபோன் போலவே இருந்து, உள்ளே சிம் கார்டு போடுகிற கருவிகள் வருகின்றன. பெரிய பொத்தான், ரிசீவர் எல்லாம் உண்டு. நம் நாட்டில் 3ஜி சேவையை 2021ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே பழைய கருவியை யாராவது மலிவாகத் தந்தால் ஏமாறாமல், 4ஜியில் குரல் பேசக்கூடியதா என்று கேளுங்கள். உங்கள் லயத்தில் எந்தச் சிம்முக்கு அலை கிடைக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுப் பையன்களே சொல்லிவிடுவார்கள்.

டெலிபோனுக்கு மேலே சுவரில் ஓர் அட்டை மாட்டினேன். நம்மவர்களின் எண்கள், பக்கத்தில் தமிழில் பெயர். அதன் கீழே, 05 பேராக், 04 பினாங்கு, கெடா, பெர்லிஸ், 03 கோலாலம்பூர், சிலாங்கூர், 01இல் தொடங்கினால் கைப்பேசி, சிங்கப்பூருக்கு 65 என்று பொதுவான அடையாளங்கள். அட்டையில் இல்லாத எண் வந்தால் எடுக்க வேண்டாம் என்பது நாங்கள் முதலில் வைத்த ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை மாற்றியவர் அம்மாதான். கண் ஆஸ்பத்திரியில் தேதி மாற்றினால் வேறு வேறு எண்களிலிருந்து கூப்பிடுவார்கள். தம்பியின் கைப்பேசியில் பேட்டரி தீர்ந்தால் கூட்டாளியின் எண்ணிலிருந்து பேசுவான். "எடுக்காமயே இருந்தா நல்லவன் நமக்கு எப்படிம்மா தெரிவான்?" என்றார். கேள்வி நியாயமானது. மறுபக்கமும் இருக்கிறது. திரையில் தெரிகிற எண்ணையே போலியாக வரவைக்க இன்றைய மோசடிக்காரர்களுக்குத் தெரியும். போலீஸ் நிலையத்தின் எண்ணோ வங்கியின் எண்ணோ தெரிவதனால் மட்டும் பேசுவது போலீசோ வங்கியோ ஆகிவிடாது. ஜன்னலில் முகம் தெரிகிறது. அது முகமூடியாகவும் இருக்கலாம்.

ஆகவே இப்போது அம்மா அறிமுகமில்லாத எண்ணையும் எடுக்கிறார். எடுத்து, "நான் வேலைக்காரி. வீட்டுக்காரம்மா மூணு மணிக்கு வருவாங்க" என்று அரை மலாயில் சொல்லி வைத்துவிடுகிறார். இந்த உத்தி முழுக்க அவருடைய சொந்தம். எண் கருவியில் பதிவாகி இருக்கும். நான் வந்ததும், அந்த எண்ணுக்கு அல்ல, ஆஸ்பத்திரி அட்டையிலோ வங்கிப் புத்தகத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு விசாரிக்கிறேன். பணம் ஏமாந்துவிட்டால் உடனே அழைப்பதற்கு 997 என்ற எண்ணை அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினமாகும். அந்த எண்ணையும் அவசரத்துக்கான 999ஐயும் அட்டையில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் நான் பள்ளி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அம்மா ரிசீவரோடு நின்றிருந்தார். "ஈபு தடா, ஈபு தடா" என்று சொல்லிவிட்டு வைத்தார். யார் என்று கேட்டேன். "யாரோ இன்ஸ்பெக்டராம்" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டார்.

கடைசியாக ஒரு சிறு குறிப்பு. எண் காட்டும் கம்பி டெலிபோன்கள் பலவற்றுக்கு அடியில் சிறு பேட்டரிகள் போட வேண்டும். அவை தீர்ந்தால் பேச்சு கேட்கும், திரை மங்கிவிடும். எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மாற்றுவதென்று வைத்திருக்கிறோம். பூஜையன்று பழைய உளிக்கும் என் பாடப் புத்தகங்களுக்கும் பொட்டு வைக்கும் அம்மா, ரிசீவருக்கும் ஒரு பொட்டு வைக்கிறார்.