மாடம்பாக்கத்தில் எட்டுறுப்பு வணக்கம்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் சென்று, ராஜகீழ்ப்பாக்கத்தில் தெற்கே திரும்பினால் மாடம்பாக்கம். அங்கே சோழர் காலத்துக் கற்றளியில், யானை படுத்திருப்பது போன்ற தூங்கானை மாட விமானத்தின் கீழ்த் தேனுபுரீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். அம்பிகை தேனுகாம்பாள். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். லிங்கத் திருமேனி மிகச் சிறியது. முதன்முறை வருவோர் எட்டி எட்டிப் பார்ப்பர்.

வணங்குவதிலும் பழக்கம் தெரியும். புதியவர் பொத்தென்று விழுந்து, சட்டென்று எழுவார். பழகியவர் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கால் எந்தச் சந்நிதியையும் நோக்காதபடி வடக்கிலோ கிழக்கிலோ தலைவைத்துக் கிடப்பார். தலை, கைகள் இரண்டு, செவிகள் இரண்டு, மோவாய், புயங்கள் இரண்டு ஆகிய எட்டும் நிலத்தில் பொருந்துவதே அட்டாங்க நமஸ்காரம் என்று ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையில் வகுத்தார். முதலில் வலச்செவி, பின்னர் இடச்செவி. இந்தச் செவி வைக்கும் நுட்பம்தான் பலருக்கு விட்டுப்போகிறது; நூலைப் படித்து வருவதன்று, தந்தை விழுந்து வணங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்து வருவது. ஜப்பானியரும் குனியும் அளவை 15, 30, 45 பாகை என வகுத்துப் பணியில் சேரும் இளையோர்க்குப் பயிற்றுவிக்கின்றனர். ஆயினும் யாருக்கு எவ்வளவு குனிவது என்பது அவர்களுக்கும் பழகப் பழகவே கைவருகிறது.

பழகிய உடலுக்கும் முதுமை வருகிறதே! ஒரு முறையோ இரு முறையோ வணங்குவது குற்றம், மூன்றேனும் வேண்டும் என்பது விதி. முழங்கால் மடங்காத முதியவர், ஐம்பதாண்டு செய்ததை இன்று செய்ய இயலவில்லையே என்று தூணைப் பிடித்தபடி கலங்குகிறார். சிரசின்மேல் இரு கைகளையும் குவிக்கும் திரயாங்கமும், தலை மட்டும் தாழ்த்தும் ஏகாங்கமும் நமஸ்காரம் என்றே சொல்லப்படுகின்றன. விழுந்து வணங்கிப் பழகியவர் தலை தாழ்த்தும்போது அதில் அவசரம் இராது. தீபாராதனை முடியும்வரை தாழ்ந்த தலை தாழ்ந்தே இருக்கும்.

இத்தலத்தின் புராணமும் முறை பற்றியதே. சிவலிங்கத்தைக் கையில் ஏந்திப் பூசித்தது தவறென்று, கபில முனிவர் பசுவாகப் பிறந்தாராம். குவிக்கக் கைகளில்லாத அந்தப் பிறவியில், மண்ணில் புதைந்திருந்த லிங்கத்தின்மேல் பால் சொரிந்து நின்றார். முக்தியும் பெற்றார். தேனு என்றால் பசு; ஈசனின் திருநாமம் அதனால் வந்தது.