கூப்பிட்டால் வராத மணி

மணிக்கு அப்போது எட்டு மாதம். மாலையில் கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரத்தில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு பூனையைப் பார்த்தவன் என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு சாலையின் குறுக்கே பாய்ந்தான். ஒரு மோட்டார் சைக்கிள் கிறீச்சென்று நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

"மணி, வா!" என்று மூன்று முறை கத்தினேன். எதிர்ப்புறத்தில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல்லை முகரத் தொடங்கினான். அந்தப் பக்கம் நடந்து வந்த ஒரு சீன ஆன்ட்டி கைதட்டி "கம், கம்" என்றார். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தான்.

பயமும் அவமானமும் சேர்ந்து கோபமாகிவிட்டன. அவனைப் பிடித்து முதுகில் இரண்டு போட்டேன்.

மறுநாள் முதல் நான் கூப்பிட்டாலே காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"குட்டியா இருந்தப்போ சொன்னதெல்லாம் கேட்டான். இப்போ கொழுப்பு. பிரம்பை எடு, சரியாயிடுவான்" என்றார் அம்மா. அண்ணன் வேறு வழி சொன்னான். பாலிக் பூலாவில் அவனுடைய நண்பருக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. காவலுக்கு நாய் தேடுகிறாராம். "ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுடலாம்" என்றான். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. தோட்டத்தில் அவன் சங்கிலியில்தான் கிடப்பான். அறுத்துக்கொண்டு ஓடினால் தெருநாய். 2015 செப்டம்பரில் ரேபிஸ் நோய் பினாங்கிலும் உறுதியானபோது, தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல உத்தரவு வந்தது நினைவுக்கு வந்தது.

தடுப்பூசி போட்டுக்கொண்டே கொடுத்துவிடலாம் என்று சனிக்கிழமை கால்நடை மருத்துவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "இவனுக்கு இப்போ பதினாலு வயசுன்னு நினைச்சுக்குங்க."

ஏறக்குறைய ஆறாம் மாதம் தொடங்கி ஒன்று, ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். பெரிய இனங்களுக்கு இன்னும் நீளும். 2020-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இதைப் பற்றி 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் எழுதினார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கப்படும் குட்டிகளை ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் 'உட்கார்' என்று சொல்லிச் சோதித்தார்கள். எட்டாம் மாதத்தில் குட்டிகள் வளர்ப்பவரின் பேச்சைத்தான் கூடுதலாக மீறின. அந்நியர் சொன்னால் அப்படி மீறவில்லை. வளர்ப்பவரோடு உள்ள பிணைப்பில் பாதுகாப்பை உணராத குட்டிகளிடம் பிடிவாதம் இன்னும் அதிகம். ஒரு வயது ஆனபோது பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன.

சீன ஆன்ட்டியிடம் மணி ஓடியதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. பிள்ளைகள் பள்ளியில் ஆசிரியரிடம் பணிந்து நடந்துவிட்டு வீட்டில் அம்மாவிடம் முறைப்பது போலத்தான் இதுவும். நான் கொடுத்த இரண்டு அடியிலிருந்து அவன் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தான்: கூப்பிடும் குரலுக்குப் போனால் அடி விழும்.

அண்ணனுக்குப் போன் போட்டு, "தோட்டத்துக்கு வேற நாய் பார்க்கச் சொல்லு" என்றேன்.

முதலில் வீட்டுக்குள் பேச்சைச் சரிசெய்தோம். நான் 'கம்', அம்மா 'வா', மகன் 'மாரி' என்று ஆளுக்கொரு மொழியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். இனி எல்லாருக்கும் 'வா' ஒன்றுதான். அதையும் ஒரு முறைதான் சொல்வது. வராவிட்டால் கத்தாமல் நாமே அருகில் போவது. குளிப்பாட்டவும் நகம் வெட்டவும் அவனைக் கூப்பிடுவதே இல்லை. போய்த்தான் தூக்கிவருவோம்.

வெளியே பத்து மீட்டர் நீளக் கயிறு. கூப்பிட்டதும் வந்தால் அவித்த கோழித்துண்டு ஒன்று. கொடுத்த கையோடு மறுபடியும் விளையாட விட்டுவிட வேண்டும். இதுதான் முக்கியம். கூப்பிடும்போதெல்லாம் கயிற்றை மாட்டி வீட்டுக்கு இழுத்துப்போனால், 'வா' என்றால் ஆட்டம் முடிந்தது என்றுதானே அவனுக்குப் புரியும்? ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம். அதற்குமேல் அவனுக்கும் சலிப்பு, எனக்கும் எரிச்சல்.

காருக்கு அடியிலிருந்து அவன் வெளியே வரவே ஒரு வாரம் ஆனது. அதன்பின் இரண்டு வாரம் ஒழுங்காக வந்தான். மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் மறந்தவன் போல நின்றான். அழுகை வந்தது. கை ஓங்கவில்லை. மறுபடியும் வரவேற்பறையிலிருந்து ஆரம்பித்தோம்.

போன மாதம் மணிக்கு ஒரு வயது முடிந்தது. ஒரு காலையில் பழைய பேப்பர் லாரி வந்தபோது கேட்டைச் சாத்த மறந்துவிட்டேன். மணி பாய்ந்து தெருவுக்குப் போய்விட்டான். என் கையில் கயிறும் இல்லை, கோழியும் இல்லை.

"மணி, வா." ஒரே ஒரு முறை.

நின்றான். லாரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அவசரமே இல்லாமல் உள்ளே நடந்து வந்தான்.

எனக்குக் கை நடுங்கியது. கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினால், பிரம்பை எடுக்கச் சொன்ன அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து, தன் தட்டுத் தோசையைப் பிய்த்து அவனுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டதும் வந்துட்டான் இல்ல? வெறுங்கையோட நிக்காதே" என்றார்.