தக்காளிக்கும் பிரஷர் நார்மல்!

இது கதை இல்லை. எங்க வீட்டில் நடந்தது. தப்பு செய்தது நான். எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்க ஊர் குன்னம் பக்கம். பெரம்பலூருக்கும் போகலாம், அரியலூருக்கும் போகலாம். ஆனா ரெண்டுக்கும் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கணும். அதனாலேயே எங்க அப்பாயி ஆஸ்பத்திரிப் பக்கம் போகாது. பருத்தி எடுக்கப் போகும், மக்காச்சோளக் காட்டுக்குப் போகும். தலை சுத்தினா சுக்குக் காப்பி குடிச்சிட்டுப் படுத்துக்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து, கையில் பட்டை கட்டிப் பார்த்தபோதுதான் அப்பாயிக்குப் பிரஷர் இருப்பதே தெரிந்தது.

இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. அக்கா அளந்ததும் தன் போனில் உள்ள செயலியில் பதிவு செய்வார். மாத்திரையையும் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவார்.

அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. அம்மா போனில் தேடினேன். 'விரலை வைத்தால் பிரஷர் சொல்லும்' என்று ஒரு இலவச செயலி கிடைத்தது. கேமரா மேல் அப்பாயி விரலை வைத்தேன். சிவப்பா வெளிச்சம் வந்துச்சு. திரையில் ஒரு இதயம் துடிச்சுது. 122/80 என்று காட்டியது.

"அப்பாயி, ஒனக்குப் பிரஷரே இல்ல. நார்மல்!" என்றேன். "எம் பேரன் டாக்டரு" என்று அப்பாயி தெருவெல்லாம் சொல்லிச்சு. எனக்குப் பெருமையோ பெருமை.

மூணு வாரம் கழித்து அக்கா வந்தார். பட்டையைக் கட்டினார். 184/110. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து மறுபடி அளந்தார். 182/108. போனைத் திறந்து பார்த்தார். "போன தடவ 136/84-னு பதிவாயிருக்கே, மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களாம்மா?" என்றார்.

அப்பாயி என்னை ஒரு தடவை பார்த்தது. "மறந்து போச்சு தாயி" என்றது.

மறக்கவில்லை. மாத்திரை அட்டை சுருக்குப்பைக்குள் அப்படியே இருந்தது. நான் 'நார்மல்' என்று சொன்ன அன்றைக்கே நிறுத்திவிட்டது. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதென்று பொய் சொன்னது.

நான் கதவோரம் நின்றேன். வாய் வரவில்லை. அக்கா தெருமுனைக்குப் போன பிறகு ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வா, அந்தப் போனைக் காட்டு" என்று திரும்பி வந்தார். கூடையிலிருந்த ஒரு தக்காளியை எடுத்துக் கேமரா மேல் வைத்தார். 118/76 என்று காட்டியது! அப்பாயிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

பிறகு அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். விளக்கமாகச் சொன்னார். பட்டை காற்றால் கையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. பிறகு மெல்ல மெல்லத் தளர்கிறது. எந்த அழுத்தத்தில் ரத்தம் மறுபடி பாய்கிறது என்பதை வைத்துத்தான் பிரஷர் கணக்கு. கேமராவோ விரலின் சிவப்பு கூடிக் குறைவதை மட்டும் பார்க்கிறது. அதை வைத்து நாடித்துடிப்பை எண்ணலாம். ஆனால் கையை அது இறுக்கவே இல்லையே, அழுத்தம் எப்படித் தெரியும்?

நான் மட்டும் ஏமாறவில்லை. அமெரிக்காவில் 2014, 2015-ல் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்று ஒரு செயலியை விற்றார்கள். (நான் போட்டது வேறு.) ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதைச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரஷர் அதிகமாக இருந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்கு அது 'அதிகம் இல்லை' என்று காட்டியதாம். படித்தவர்கள் உள்ள ஊரிலேயே இப்படி!

அன்றைக்கே அப்பாயியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். "வலி இல்லன்னா வியாதி இல்லன்னு அர்த்தமில்ல. பக்கவாதம் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி மாத்திரை ஆரம்பித்தது. அடுத்த தடவை அக்கா அளந்தபோது 138/86.

யோசித்துப் பார்த்தால் ரெண்டும் போன்தான், ரெண்டும் செயலிதான். என்னுடையது தானே அளப்பதாகப் பொய் சொன்னது. அக்காவுடையது எதையும் அளக்கவில்லை. பட்டை சொன்னதை ஞாபகம் வைத்திருந்தது. அந்தப் பழைய 136 அதில் இல்லாவிட்டால், அப்பாயி மாத்திரையை நிறுத்தியது அவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது.

அந்தச் செயலியை அழித்துவிட்டேன். இப்போது அம்மா போனில் தினமும் காலை 8 மணிக்கு அலாரம் அடிக்கும். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்பாயி மாத்திரையை முழுங்கிவிட்டு, "டாக்டரு, பாத்துக்க" என்று வாயைத் திறந்து காட்டும். முன்னே டாக்டரு என்றபோது பெருமையாக இருந்தது. இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

நண்பர்களே, வெளுத்ததெல்லாம் பால் அல்ல. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரையை எந்தச் செயலியையும் நம்பி நிறுத்தச் சொல்லாதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு தக்காளி போதும்!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்